கிடா விருந்துக்குப் பிறகு தோல் என்ன ஆகிறது?

கேள்வி: “எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒரே நாளில் முப்பது கிடாய்க்கு மேல் வெட்டுகிறார்கள். தோல் வாங்க வருபவர் டீச்செலவுக்குக்கூட ஆகாத விலை சொல்கிறார். பாதித் தோல் கண்மாய்க் கரையில் கிடந்து நாறுகிறது. ஆவாரம்பட்டையில் வீட்டிலேயே தோல் பதனிடலாம் என்கிறார்கள். பதனிட்டு, பை, பர்ஸ் தைத்து விற்க எங்கள் குழுவுக்கு ஆசை. செய்முறை என்ன? லாபம் வருமா?”

- மகளிர் சுயஉதவிக் குழு வாசகிகள், சிவகங்கை மாவட்டம்.

பதில்: இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு தோலை வீட்டில் பதனிட முடியுமா என்றால், தாராளமாக முடியும். சுண்ணாம்பு, தவிடு, ஆவாரம்பட்டை, கடுக்காய், புங்க எண்ணெய் எல்லாம் கைக்கெட்டும் பொருட்கள். ஒரு மாதப் பொறுமை வேண்டும். முப்பது தோலையும் பதனிட்டு லாபம் பார்க்க முடியுமா என்றால், வீட்டு முற்றத்தில் முடியாது. அதற்காகத் தோலைக் கண்மாய்க் கரையில் போட வேண்டியதில்லை. குழு இழந்துகொண்டிருக்கும் பணம் பதனிடுவதில் இல்லை, கிடாயை வெட்டிய முதல் மூன்று நான்கு மணி நேரத்தில் இருக்கிறது. அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

உயிர் போன உடனே தோலில் கிருமிகள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் காலையில் உரித்த தோலைச் சுருட்டி மூலையில் போட்டால் மாலைக்குள் வாடை வந்துவிடும். முடியைப் பிடித்து இழுத்தால் கொத்தாகக் கையோடு வரும். முடி கழன்ற தோல் உள்ளே அழுகத் தொடங்கிய தோல். அதன் மேற்பரப்பு எந்தப் பக்குவத்துக்கும் சரியாக வராது. வாங்க வருகிறவர் விலையைக் குறைப்பதற்கு முதல் காரணம் இது. இரண்டாவது காரணம் கத்தி. வயிற்றுப் பக்கம் நேர்கோட்டில் கீறித் திறந்த பிறகு, தோலைக் கத்தியால் அறுத்து எடுக்கக் கூடாது. முஷ்டியைத் தோலுக்கும் சதைக்கும் நடுவில் நுழைத்துத் தள்ளியே முழுத் தோலையும் கழற்றிவிடலாம். கை பழகியவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். திருவிழா அவசரத்தில் ஆளுக்கொரு கத்தியோடு இறங்கும்போது ஒவ்வொரு தோலிலும் நாலு ஓட்டை, பத்துக் கீறல் விழுகிறது. கீறல் வெளியே தெரியாவிட்டாலும், பதனிட்டு இழுக்கும்போது அந்த இடத்தில் கிழியும்.

உரித்த தோலை இரத்தம் போக அலசி, நிழலில் விரித்துச் சூடு ஆறவிட வேண்டும். ஒட்டியிருக்கும் சதை, கொழுப்பு, காது, வால் நுனியை நீக்கிவிட்டு உப்பிட வேண்டும். பச்சைத் தோலின் எடையில் 40 முதல் 50 சதவிகிதம் உப்பு தேவை. ஒரு வெள்ளாட்டுத் தோல் ஒன்றரை கிலோ இருந்தால் 600 முதல் 750 கிராம். சமையல் தூள் உப்பு வேண்டாம், கல்லுப்பை ஒன்றிரண்டாக இடித்துக்கொண்டால் போதும். சதைப்பக்கம் மேலே பார்க்க விரித்து, கழுத்து, கால் மடிப்பு, ஓரம் எதையும் விடாமல் தேய்க்க வேண்டும். ஓரங்களில்தான் பெரும்பாலும் கை தவறுகிறது, அழுகலும் அங்கேதான் தொடங்குகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இடம் சற்றுச் சரிவாக இருந்தால் நீர் வடிந்துவிடும். போன வருடத் தோலில் உதிர்ந்த பழைய உப்பை மறுபடி பயன்படுத்துவது வீண் சிக்கனம். அதில் வளரும் கிருமியால் தோலில் சிவப்புத் திட்டுகள் படரும்.

பாறையிலும் கூரையிலும் தோலை வெயிலில் காயப்போடும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. மேலே காய்ந்து முறுகிவிடும், நடுவில் ஈரம் நின்று அழுகும். காய்ந்த தோலைப் பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். சுண்ணாம்பில் போட்டதும் கொப்புளமும் ஓட்டையுமாகக் கலைந்துவிடும். உப்பு இல்லாமல் காய வைத்தே ஆக வேண்டுமென்றால் கொடியில் தொங்கவிட்டு, காற்றோட்டமான நிழலில்தான் காய வைக்க வேண்டும்.

இனி பதனிடும் முறை. ஒரே ஒரு தோலுக்கான கணக்கு இங்கே தரப்படுகிறது. முதல்முறை செய்பவர்கள் ஒன்றோடு தொடங்குவதே சரி.

பச்சைத் தோலுக்கும் பதனிட்ட தோலுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்துகொண்டால் ஒவ்வொரு படியும் ஏன் என்பது விளங்கும். பறைக்குப் போர்த்தும் தோல் பதனிட்டதல்ல. முடி நீக்கி, இழுத்துக் கட்டிக் காய வைத்த பச்சைத் தோல். அதனால்தான் பனியில் தொய்கிறது, தீயில் காட்டினால் விறைக்கிறது, நனைந்தே கிடந்தால் அழுகுகிறது. பதனிட்ட தோல் நனைந்தாலும் அழுகாது. வாழைப்பூவைக் கடித்தால் நாக்கு இழுக்கும் துவர்ப்பு இருக்கிறதே, அந்தச் சத்துக்கு டானின் என்று பெயர். தோலின் புரத நார்களோடு டானின் இறுகப் பற்றிக்கொண்டால் கிருமிகளால் அந்த நாரைத் தின்ன முடிவதில்லை. ஆவாரம்பட்டையில் 100 கிலோவுக்கு 15 முதல் 20 கிலோ வரை இந்தத் துவர்ப்பு இருக்கிறது. கடுக்காயில் இன்னும் அதிகம். வேலம்பட்டையிலும் கொன்றைப் பட்டையிலும் உண்டு. முடி, கொழுப்பு, சதை, சுண்ணாம்பு எல்லாம் வெளியேறி நார் மட்டும் மிஞ்சினால்தான் டானின் உள்ளே போக வழி கிடைக்கும். பட்டையில் போடுவதற்கு முன் செய்யும் வேலையெல்லாம் இந்த வழியைத் திறப்பதற்காகத்தான்.

உப்பிட்ட தோலை ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்து, இரண்டு மூன்று முறை மாற்றி அலச வேண்டும். தோல் உரித்த அன்றிருந்த மாதிரி தளர்ந்துவிடும். பிறகு சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பு 200 கிராம், தண்ணீர் 5 லிட்டர். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்தொட்டி நல்லது. காலையும் மாலையும் கம்பால் புரட்டிவிட வேண்டும். சுண்ணாம்பு கொஞ்சம் கூடினாலும் கவலையில்லை, கரையும் அளவுதான் கரையும், மீதி அடியில் தங்கும். 5 முதல் 8 நாளில் முடி விரலால் தள்ளினாலே வரும். வழுவழுப்பான உருளைக் கட்டையின் மேல் தோலைப் போட்டு, முனை மழுங்கிய கத்தியால் ஒரு பக்கம் முடியையும் மறுபக்கம் மிச்சச் சதையையும் வழித்தெடுக்கலாம். தொழிற்சாலைகளில் முடியைச் சீக்கிரம் கழற்ற சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. புளித்த நீரோ அமிலமோ பட்டால் அதிலிருந்து உயிரைக் குடிக்கும் வாயு கிளம்பும். சுண்ணாம்பும் சாதுவல்ல. ரப்பர் கையுறை இல்லாமல் இறங்கக் கூடாது, நீற்றும்போது குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. கண்ணில் தெறித்தால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். எண்ணெயோ தாய்ப்பாலோ விட்டுப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் பார்வை போய்விடும்.

வழித்த தோலில் இருக்கும் சுண்ணாம்பை வெளியே எடுப்பதுதான் பலரும் அவசரப்பட்டுக் கெடுக்கும் இடம். நான்கைந்து முறை அலசினால் மேலே இருப்பதுதான் போகும். உள்ளே இருப்பதை எடுக்கப் பழைய முறை புளித்த தவிட்டுத் தண்ணீர். இரண்டு கைப்பிடித் தவிட்டை 5 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து இரண்டு நாள் புளிக்கவிட்டு, அதில் தோலை ஓர் இரவு போட வேண்டும். அதற்கு மேல் விட்டால் தோலே கரையத் தொடங்கும். இன்னொரு வழி, வயலுக்கு இடும் அம்மோனியம் சல்பேட் 30 கிராமை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து இரண்டு மணி நேரம் தோலை அதில் புரட்டுவது. மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வரும் என்பதால் வெட்டவெளியில் செய்ய வேண்டும்.

சுண்ணாம்பு முழுவதும் போனதா என்று பார்க்கத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு ரசாயனச் சொட்டு வைத்திருக்கிறார்கள். வீட்டில் மஞ்சள் தூள் போதும். ஆலத்தித் தண்ணீர் சிவப்பது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்வதால்தானே! கழுத்துப் பக்கம் தோல் தடிமனாக இருக்கும் இடத்தில் ஓரத்தை நறுக்கி, வெட்டுவாயில் மஞ்சள் கரைசலைத் தொட்டு வைக்க வேண்டும். சிவந்தால் உள்ளே சுண்ணாம்பு இருக்கிறது, திரும்பவும் தவிட்டுத் தண்ணீர். மஞ்சளாகவே நின்றால் பட்டைக்குப் போகலாம்.

ஒரு தோலுக்குக் காய்ந்த ஆவாரம்பட்டை 3 கிலோ வேண்டும். வேரோடு பிடுங்கக் கூடாது. கொம்புகளை வெட்டி, தட்டிப் பட்டையை உரித்துக்கொண்டால் செடி மறுபடி தழைக்கும். இடித்த பட்டையில் ஒரு கிலோவை 8 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊற வைத்து வடிகட்டி, அதில் பாதியை எடுத்துச் சம அளவு தண்ணீர் கலந்து தோலைப் போட வேண்டும். இப்படி நீர்க்கச் செய்யாமல், முதல் நாளே கெட்டிச் சாற்றில் போடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. கெட்டிச் சாற்றில் மேல்தோல் மட்டும் உடனே இறுகி வாசலை அடைத்துக்கொள்ளும். வெளியே பழுப்பாக அழகாக இருக்கும் தோல், நடுவில் பச்சையாகவே நின்று பிறகு வெடிக்கும். முதல் நாள் மணிக்கொருமுறையாவது புரட்டினால்தான் மடிப்பு விழுந்த இடத்தில் திட்டு வராது. மறுநாள் மீதிச் சாறு, நான்கு நாள் கழித்து அடுத்த ஒரு கிலோ பட்டையின் சாறு, ஒரு வாரம் கழித்து மூன்றாவது கிலோ என்று துவர்ப்பைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

இரும்புப் பாத்திரம், இரும்பு ஆணி, துருப்பிடித்த வாளிக் கைப்பிடி எதுவும் இந்தச் சாற்றில் படக் கூடாது. வாழைக்காய் நறுக்கிய அரிவாள்மனை கறுப்பது போலத் தோலும் கறுத்துவிடும். பிறகு போகாது.

15 முதல் 20 நாளில் கழுத்து ஓரத்தை மறுபடி நறுக்கிப் பார்க்க வேண்டும். வெட்டுவாய் முழுவதும் ஒரே பழுப்பாக இருந்தால் ஆயிற்று. நடுவில் வெளுத்த கோடு தெரிந்தால் இன்னும் சில நாள் வேண்டும். துண்டு ஒன்றைக் கொதிநீரில் போட்டுச் சுருங்குகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அந்தச் சோதனை குரோமியத்தில் பதனிட்ட தோலுக்குத்தான் பொருந்தும். பட்டையில் பதனிட்டது முழுப் பக்குவத்தில் இருந்தாலும் கொதிநீரில் சுருங்கும்.

ஆவாரம்பட்டையில் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சம் படப்படச் சிவந்துவரும். அதைத் தடுக்கத்தான் தமிழகத்துப் பழைய தொழிலாளர்கள் கடைசியில் கடுக்காய் போட்டார்கள். 150 கிராம் கடுக்காய்த் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஒரு நாள் ஊற வைத்தால் போதும். பிறகு அலசி, நீர் வடிந்து ஈரம் இருக்கும்போதே இருபுறமும் 50 மில்லி புங்க எண்ணெயைத் தேய்த்து, பலகையில் இழுத்து அடித்து நிழலில் காய வைக்க வேண்டும். பலகையில் அடிக்கும் ஆணிக்குப் பதில் மூங்கில் குச்சி நல்லது. முக்கால்வாசி காய்ந்ததும் எடுத்து, ஒரு கட்டையின் விளிம்பில் போட்டு முன்னும் பின்னும் இழுத்து இழுத்து மென்மையாக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் கிடைப்பது அப்பளம்.

கிடைப்பது 4 முதல் 5 சதுர அடித் தோல். கத்தி உறை, திருகைக்குப் பட்டை, செருப்பு வார், சிறு பை எதற்கும் ஆகும். கமலை ஏற்றத்தில் சாலுக்கு அடியில் தொங்கிய தோல் வாலெல்லாம் இந்த ஊர்களிலேயே செய்யப்பட்டவைதான். அந்த வேலை தெரிந்த கைகளை ஊர் எல்லையில் ஒதுக்கி வைத்துவிட்டு, அவர்கள் செய்த பொருளை மட்டும் கிணற்று மேட்டில் வைத்துக்கொண்டார்கள். வேலை தெரிந்த பெரியவர் யாராவது பக்கத்து ஊரில் இன்னும் இருந்தால், ஒரு நாள் கூலியும் மரியாதையும் கொடுத்து அழைத்துக் கற்றுக்கொள்வது, இந்தப் பக்கத்தைப் படித்துச் செய்வதைவிட நல்லது.

இப்போது லாபக் கணக்கு. முப்பது தோல் என்றால் 90 கிலோ காய்ந்த பட்டை. அலசுவதிலிருந்து கடைசிக் கழுவல் வரை ஒரு தோலுக்கு 50 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் என்றால் 1,500 லிட்டர். அத்தனையும் உப்பும் சுண்ணாம்பும் துவர்ப்புமாக வெளியேறும். ஒரு தோலின் கழிவைத் தரிசில் ஒரு குழி வெட்டி ஊற்றிவிடலாம். வழித்த முடி எருக்குழிக்குப் போகும், பட்டைச் சக்கை அடுப்புக்கு ஆகும். ஆனால் 1,500 லிட்டரை எங்கே விடுவது? உப்புத் தண்ணீர் கிணற்றடியில் இறங்கினால் திரும்ப எடுக்க முடியாது. விற்பனைக்காகச் செய்வதென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். தோல் பதனிடுதல் வாரியத்தின் சிவப்புப் பட்டியலில் இருக்கும் தொழில். இவ்வளவுக்கும் பிறகு, பை தைப்பவர்கள் கேட்பது ஒரே நிறம், ஒரே தடிமன். கையில் செய்த முப்பது தோலும் முப்பது விதமாக இருக்கும்.

இதைச் சொல்லும்போது பாலாற்றை நினைக்காமல் இருக்க முடியாது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தமிழகத் தோல் ‘ஈ.ஐ. லெதர்’ என்ற பெயரில் இங்கிலாந்துவரை போன சரக்கு. கிழக்கிந்தியா என்பதன் சுருக்கம்தான் அந்த ஈ.ஐ. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, வாணியம்பாடி எல்லாம் அதனால் வளர்ந்த ஊர்கள். 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்திய பிறகு, சீக்கிரம் முடியும் குரோமிய முறைக்குத் தொழில் வேகமாக மாறியது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதியில் கழிவுநீர் பாலாற்றிலும் வயலிலும் பாய்ந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், அந்தப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. குரோமியம் மட்டுமே அதற்குக் காரணமல்ல, உப்பும் காரணம். பட்டை இயற்கைப் பொருள் என்பதற்காக அதன் கழிவுநீரைக் கண்மாயில் விட்டுவிடலாம் என்று நினைக்கக் கூடாது. துவர்ப்பு நீரில் மீன் செத்து மிதக்கும்.

ஆகவே குழுவுக்கு ஏற்ற வேலை பதனிடுவது அல்ல, உப்பிட்டுச் சேர்த்து விற்பது. திருவிழா நாளில் நான்கு பேர் ஒரு தென்னங்கீற்றுக் கொட்டகையில் 25 கிலோ கல்லுப்போடு உட்கார்ந்தால், முப்பது தோலையும் அன்று மாலைக்குள் உப்பிட்டு அடுக்கிவிடலாம். உரிப்பவர்களிடம் முன்கூட்டியே பேசி, கத்தி போடாமல் உரித்தால் தோலுக்கு இவ்வளவு என்று தனிக்கூலி கொடுத்தால் ஓட்டை பாதியாகக் குறையும். சரியாக உப்பிட்ட தோல் சில வாரம் தாங்கும். அந்த அவகாசம்தான் குழுவுக்குக் கிடைக்கும் பலம். அழுகப்போகும் தோலை வைத்துக்கொண்டு யாராலும் பேரம் பேச முடியாது. பக்ரீத்துக்கு முன்பின் வரத்து கூடி விலை சரியும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். சந்தைக்கு வரும் இரண்டு மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்டு, தரம் பிரித்துக் கொடுத்தால் இன்றைய டீச்செலவு நிலை மாறும். பெரும் பணம் வரும் என்று சொல்ல முடியாது. ஆட்டுத்தோல் விலை மொத்தத்தில் இறங்கியே இருக்கிறது. ஆனால் கண்மாய் நாறாது.

பை, பர்ஸ் தைக்கும் ஆசையை விட வேண்டாம். அதற்குப் பதனிட்ட தோலை விலைக்கு வாங்கித் தைப்பதே வழி. சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் தோல் பொருட்கள் தயாரிப்புக்குப் பயிற்சிகள் நடக்கின்றன. கடிதம் போட்டு விவரம் கேட்கலாம்.

கேள்வி: “நோயில் செத்த ஆட்டின் தோலையாவது உரித்து விற்கலாம் என்கிறார் அண்டை வீட்டுக்காரர். சரியா?”

- ஆடு வளர்க்கும் வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்.

பதில்: திடீரென்று செத்த ஆடு, மாட்டின் மேல் கத்தியே படக் கூடாது. மேய்ந்துகொண்டிருந்த ஆடு சட்டென்று விழுந்து செத்து, மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசிந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். உரித்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி, அந்த மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். உரித்தவர் கையில் நடுவே கறுத்த புண் வரும், உயிருக்கும் ஆபத்து. உப்போ சுண்ணாம்போ இந்த வித்துகளைக் கொன்றுவிடும் என்று நம்ப முடியாது. கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, நாய், காகம் அண்டாமல் காத்திருந்து, அவர் சொல்லும்படி தோலோடு ஆழக் குழியில் புதைக்க வேண்டும். அண்டை வீட்டுக்காரர் ஏற்கெனவே அப்படி உரித்திருந்து, கையில் புண் இருந்தால் இன்றே மருத்துவமனைக்குப் போய், செத்த ஆட்டை உரித்ததையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கேள்வி: “செம்மறித் தோலை முடியோடு விரிப்பாக வைத்துக்கொள்ள வழி உண்டா?”

- வாசகர், சேலம் மாவட்டம்.

பதில்: உண்டு. மேச்சேரிச் செம்மறியின் தோல் தரத்துக்குப் பெயர் பெற்றது, வீணாக்க வேண்டாம். முடி நிற்க வேண்டுமென்பதால் சுண்ணாம்பு கூடாது. ஊற வைத்து, சோப்பு நீரில் அலசி, சதைப்பக்கம் சுத்தமாக வழித்துவிட்டு, 4 லிட்டர் தண்ணீரில் 400 கிராம் படிகாரமும் 200 கிராம் உப்பும் கரைத்து அதில் நான்கைந்து நாள் புரட்டிப் போட வேண்டும். பிறகு வடியவிட்டு, சதைப்பக்கம் மட்டும் எண்ணெய் தடவி, நிழலில் காயும்போதே இழுத்து மென்மையாக்கலாம். வெள்ளையாக, மெத்தென்று வரும். உரித்து உடனே உப்பிட்ட தோலாக இருந்தால்தான் முடி நிற்கும். இந்த விரிப்பைத் துவைக்கக் கூடாது. படிகாரம் தண்ணீரில் கரைந்து போனால் தோல் பழையபடி பச்சைத் தோலாகி விறைத்துவிடும். தூசி படிந்தால் உதறி, சதைப்பக்கம் நனையாமல் முடியை மட்டும் ஈரத்துணியால் துடைக்கலாம்.